பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்: இக்காலக் கலையில் பொருளும் மரபும்

1. முன்னுரை

தமிழில் பொருள் என்னும் சொல் மூன்று கருத்துகளைத் தாங்கி நிற்கிறது. கையால் தொட்டறியும் பண்டம் பொருள்; ஈட்டி வைக்கும் செல்வம் பொருள்; சொல்லினுள் நின்று உணர்த்தும் கருத்தும் பொருள். பண்டத்தையும் கருத்தையும் ஒரு சொல்லால் சுட்டிய மக்கள், அவ்விரண்டிற்கும் உள்ள உறவை எவ்வாறு எண்ணினர்? இவ்வினா இலக்கணத்திற்கு மட்டும் உரியதன்று, கலைக்கும் உரியது.

இக்காலக் கலைஞருள் பலர் வண்ணமும் துணியும், கல்லும் உளியும் என்ற பழைய எல்லையைக் கடந்துவிட்டனர். மரப்பட்டை, பிசின், பழந்துணி, வீட்டுப் பண்டம், எழுத்தாவணம், நிழற்படம் என எப்பண்டம் தம் கருத்துக்கு ஏற்குமோ அப்பண்டத்தை எடுத்து ஒன்றோடொன்று கூட்டிப் படைக்கின்றனர். இதனைக் கலப்பூடகக் கலை என்று வழங்குவர். தாம் யார், தம் முன்னோர் விட்டுச் சென்றது யாது என்னும் வினாக்களை இக்கலைஞர் உருவத்தால் எழுப்புவதினும் பண்டத்தால் எழுப்புவதே மிகுதி.

தமிழ் பயில்வோரிடையே இக்கலையைப் பற்றி இரண்டு எண்ணங்கள் உள. இது மேலைநாட்டார் கண்ட புதுமை. நம் மரபில் இதற்கு வேர் இல்லை என்பது ஒன்று. இதனை ஆய்வது ஓவியக் கல்லூரியின் பணி. தமிழ்த்துறையின் பணியன்று என்பது மற்றொன்று. இரண்டும் பொருந்தா என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதன்பொருட்டு இரு கலைஞரின் படைப்புகளை எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் திருவண்ணாமலையிற் பிறந்து சென்னையில் வாழும் பெனிதா பெர்சியால். மற்றொருவர் யாழ்ப்பாணத்துத் தா. சனாதனன். முதலில் நம் நூல்கள் இத்துறையில் கூறுவன யாவை எனக் கண்டு, பின்னர் அவர்தம் படைப்புகளுக்குச் செல்வோம். இறுதியில் நான் வாழும் புதுச்சேரிப் பகுதிக்கு மீள்வோம்.

2. சிற்பத்திற்குரிய பத்து

சேந்தன் திவாகரத்தின் பன்னிரண்டாம் தொகுதிக்குப் பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி என்பது பெயர். இருசுடர், முத்தமிழ், ஐந்திணை என்றாற்போலத் தொகையாக வழங்குவனவற்றை அது விரித்துரைக்கிறது. அத்தொகுதியில் சிற்பத் தொழிலுக்கு உறுப்பாவன பத்து எனச் சுட்டப்படுகின்றன. கல், மரம், மண், செங்கல், சுதை, உலோகம், தந்தம், வண்ணம், மெழுகு, கண்டசருக்கரை என்பன அவை.

இப்பட்டியல் நமக்கு உணர்த்துவன இரண்டு. ஒன்று, சிற்பம் என்றவுடன் கல்லையும் செம்பையும் மட்டுமே எண்ணும் இன்றைய வழக்கம் மரபின் முழுமை அன்று. மெழுகும் சருக்கரையும் நிலைத்து நில்லாதன. ஆயினும் அவை கல்லோடு ஒரு வரிசையில் வைத்து எண்ணப்பட்டன. மற்றொன்று, வண்ணத்தையும் சிற்பத்தின் உறுப்பாகக் கொண்டமையால், ஓவியம் வேறு சிற்பம் வேறு எனக் கூறுபடுத்தும் எண்ணம் அன்று இறுகியிருக்கவில்லை. மணிமேகலையும் தெய்வ உருவங்கள் மண், கல், மரம், சுவர் ஆகியவற்றில் அமைக்கப்பட்டதைக் குறிக்கிறது.

பல பண்டங்களைக் கலந்து ஓர் உடம்பாக்கும் முறையும் நம் நாட்டுக்குப் புதிதன்று. திருவனந்தபுரத்துப் பத்மநாபர் திருமேனி கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையால் அமைந்தது என்பது மரபு. மண், பிசின், மூலிகை முதலியவற்றை முறைப்படி சேர்த்து ஆக்கும் கலவை அது. திவாகரம் கூறும் கண்டசருக்கரையோடு இதன் பெயரொப்புமை கருதத்தக்கது; இரண்டும் ஒன்றே எனத் துணிதல் இக்கட்டுரைக்கு வேண்டுவதன்று. நமக்கு வேண்டுவது வேறு. இத்தகைய திருமேனிக்கு நீராட்டு நிகழ்த்துவதில்லை. திருவரங்கத்தில் சுதையாலாய மூலவர்க்கு நீராட்டு இன்றித் தைலக்காப்பு நிகழ்கிறது. எனவே, பண்டத்தின் இயல்பே வழிபாட்டின் முறையை வகுத்தது என்க. உருவம் ஒன்றாயினும் உடம்பு வேறாயின் அதனோடு மனிதன் கொள்ளும் உறவும் வேறாகிறது. இஃது இக்கட்டுரைக்கு முதற்சான்று.

3. பொருளின் பிறப்பிடம்

பண்டத்தின் இயல்பு மட்டுமன்று, அது பிறந்த இடமும் கருத்தைத் தரும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த சான்று வேண்டா.

கண்ணகிக்குக் கல் எடுக்கும் செய்தி வஞ்சிக்காண்டத்தின் உயிர். தொல்காப்பியர் நடுகல்லுக்குக் கூறிய துறைகளாகிய காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்பன அக்காண்டத்தின் காதைப் பெயர்களாகவே அமைந்துள்ளன. அவற்றுள் காட்சிக் காதையில் ஒரு வினா எழுகிறது: கல்லை எங்கிருந்து கொள்வது? பொதியிலிற் கொண்டால் காவிரியில் நீராட்டலாம். இமயத்திற் கொண்டால் கங்கையில் நீராட்டலாம். பொதியிற்கல்லைக் காவிரியில் நீராட்டுதல் தன் குடிப்பிறந்தார்க்குச் சிறப்புத் தரும் செயல் அன்று எனச் செங்குட்டுவன் மறுத்து, இமயக் கல்லையே வேண்டுகிறான். அதனைக் கனகவிசயர் முடித்தலையில் ஏற்றிக் கொணர்கிறான்.

சிற்பியின் கண்கொண்டு நோக்கின் பொதியிற் கல்லும் கல்லே. உளிக்கு இரண்டும் இடங்கொடுக்கும். ஆயினும் காப்பியத்திற்கு அக்கல் வேறு, இக்கல் வேறு. இமயக் கல் பகைவர் முடித்தலையில் ஏறி வந்த வழியும் அச்சிலையின் ஒரு பகுதி ஆகிவிட்டது. இளங்கோவடிகள் படிமத்தின் முகத்தையோ கையையோ விரித்துப் பாடுவதினும் அக்கல் வந்த வழியையே விரித்துப் பாடுகிறார். ஏன்? பத்தினியின் பெருமையும் சேரனின் வெற்றியும் வடித்த உருவத்தில் அன்று, வடிக்கப்பட்ட கல்லில் தங்கின என்பதனால் என்க.

இதற்கு மறுதலையான சான்று மண்டகப்பட்டில் உள்ளது. விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அவ்வூர்க் குடைவரையில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி அக்கோயிலை அமைத்ததாக விசித்திரசித்தன் எனப் பெயர் பூண்ட முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டிற் பொறித்து வைத்தான். கோயிலின் அழகை அவன் கூறவில்லை. எப்பண்டங்களை விலக்கினான் என்பதையே கூறினான். ஒரு பண்டத்தை நீக்குவதும் ஒரு கூற்று ஆகலாம் என்பதற்கு அக்கல்வெட்டு சான்று.

உரையாசிரியர்க்கும் இவ்வுணர்வு இருந்தது. சிலப்பதிகாரம் ஊர்காண் காதைக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், அகிலின் வகைகளைத் தக்கோலி, கிடாரவன் முதலிய பெயர்களால் பகுத்துரைக்கிறார். தக்கோலமும் கிடாரமும் கடல் கடந்த ஊர்கள். மணக்கும் கட்டையின் பெயரிலேயே அது ஏறி வந்த துறையின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நறும்பொருள் ஒன்றை முகர்ந்தவன் ஒரு நாட்டையே முகர்ந்தான் எனலாம். இக்குறிப்பை நெஞ்சிற் கொண்டு முதற் கலைஞரிடம் செல்வோம்.

4. நறும்பொருள் உடம்பு

பெனிதா பெர்சியால் 1978ஆம் ஆண்டு திருவண்ணாமலையிற் பிறந்தவர். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியிற் பயின்றவர். ஓவியத்திலும் அச்சுக்கலையிலும் பயிற்சி பெற்ற இவர், காலப்போக்கில் நறும்பொருள்களைக் கொண்டு உருவங்கள் அமைக்கும் முறையைத் தமதாக்கிக்கொண்டார். சாம்பிராணி, வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள், இலவங்கப்பட்டை, கிராம்பு முதலியவற்றைப் பிசைந்து அழுத்தி, அப்பிழம்பால் மனித உருவங்களைச் சமைக்கிறார். புகைத்தற்குரிய பொருள் இங்குப் புகையாமல் உடம்பாகி நிற்கிறது.

2014 டிசம்பரில் தொடங்கி 2015 மார்ச்சில் முடிந்த இரண்டாவது கொச்சி–முசிறிஸ் ஈராண்டுக் கலைவிழாவில், நம்பிக்கையின் நெருப்புகள் எனப் பொருள்படும் தலைப்பில் இவர் ஒரு படைப்பைக் காட்சிக்கு வைத்தார். கிறித்தவச் சமய உருவங்கள் நறும்பொருளால் ஆக்கப்பட்டு அங்கு நின்றன. கொச்சிக் கோட்டைப் பகுதியில், நீர்நிலையை நோக்கி அமைந்த பெப்பர் ஹவுஸ் என்னும் பழைய பண்டகசாலை அவற்றுக்கு இடமாயிற்று. ஒரு காலத்தில் நறுமணச் சரக்குகள் அடுக்கி வைக்கப்பட்ட கட்டடத்துள் அச்சரக்குகளே மனித வடிவு கொண்டு நின்றன என்பதை உன்னுக.

இப்படைப்பின் பண்டம் எவ்வெச் செய்திகளைச் சுமக்கிறது என நிரல்படக் காண்போம்.

முதலாவது வணிகம். முசிறி என்னும் பெயர் சங்கப் பாடல்களிலும் மேலைநாட்டார் குறிப்புகளிலும் இடம்பெறுவது. வியன்னாவில் உள்ள இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஏடு ஒன்று முசிறி வணிகத்தைச் சார்ந்த கடன் உடன்படிக்கையைப் பதிவு செய்துள்ளது. எர்மப்பொல்லோன் என்னும் மரக்கலத்தின் சரக்குகளுள் கங்கைக்கரைச் சடாமாஞ்சில் ஒன்று. நறும்பொருள் இங்கிருந்து சென்றது போலவே அங்கிருந்தும் வந்தது. உயர்ந்த குந்துருக்கப் பிசின் தென் அரேபியாவிலும் அதற்கு எதிர்க்கரையான ஆப்பிரிக்கப் பகுதியிலும் விளைவது.

இரண்டாவது சமயம். இயேசுவின் சீடருள் ஒருவராகிய தோமா கி.பி. 52இல் முசிறியை அடுத்துக் கரை இறங்கினார் என்பதும், மயிலையில் உயிர் துறந்தார் என்பதும் கிறித்தவர் மரபு. அச்சமயம் இந்நாட்டிற்கு வந்த கடல்வழி, நறும்பொருள் வணிகம் நடந்த அதே வழி. ஆகவே சாம்பிராணியால் ஆகிய கிறித்தவ உருவம், தான் வந்த வழியைத் தன் உடம்பிலேயே கொண்டுள்ளது. இமயக் கல்லின் செய்தியை மீண்டும் நினைவு கூர்க. குழந்தை இயேசுவுக்கு அறிஞர் அளித்த காணிக்கை மூன்றனுள் இரண்டு இப்பிசின்களே. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவற்றைத் தூபவர்க்கம் என்றும் வெள்ளைப்போளம் என்றும் வழங்குகிறது.

மூன்றாவது இல்லம். சாம்பிராணி என்னும் ஒரே சொல்லால் நாம் பல மரப்பிசின்களை வழங்குகிறோம். அப்புகை கோயிலிலும் எழுகிறது; தர்காவிலும் எழுகிறது; தேவாலயத்திலும் எழுகிறது; குழந்தைக்குத் தலை உலர்த்தும் தாயின் முன்னும் எழுகிறது. சமய உருவத்தைக் கண்ணாற் காண்பவன், இஃது என் சமயம் அன்று என விலகி நிற்றல் கூடும். மணத்தின் முன் அவ்விலக்கம் இயலாது. கண் வேறுபடுத்துவதை மூக்கு ஒன்றுபடுத்துகிறது. தமிழ்க் கிறித்தவர் என்னும் ஒரு பெயருள் அடங்கும் இரு கூறுகளையும் வாதிட்டு நிறுவாமல், மணத்தால் ஒருங்கே உணரச் செய்தது இப்படைப்பின் சிறப்பு.

நான்காவது அழிவு. பிசினாலும் தூளாலும் ஆகிய உடம்பு காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் ஏற்றுக்கொள்ளும், நாளடைவில் மாறும். மேலைக் கடற்கரையின் ஈரக்காற்று அதற்கு ஏமம் ஆகாது. இம்மாற்றத்தைக் குறையாகக் கருதாது படைப்பின் ஒரு பகுதியாகவே இக்கலைஞர் ஏற்கிறார். இதன் கருத்தைப் பின்னர் ஆய்வோம்.

5. கருப்பொருளும் இறைச்சியும்

மேற்கூறிய நான்கு செய்திகளும் உருவத்தைச் செதுக்கிய முறையால் வந்தவை அல்ல, பண்டத்தால் வந்தவை. இதனை விளக்கத் தமிழில் ஒரு கருவி உண்டு.

தொல்காப்பியர் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்தில் பிறந்து வாழும் மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில், பறை, யாழ், தெய்வம் முதலியன கரு. மாந்தரின் ஒழுக்கம் உரி. கருப்பொருள் வெறும் பின்னணி அன்று. அதன்வழிக் குறிப்பாகக் கருத்துப் பிறத்தலும் உண்டு. அக்குறிப்பு இருவகைத்து. கருப்பொருளின் நிகழ்ச்சி மாந்தர் நிகழ்ச்சிக்கு உவமமாய் உறுப்புக்கு உறுப்பு பொருந்தி நிற்பின் அஃது உள்ளுறை. அவ்வாறு பொருத்திக் காட்ட இயலாது, கருப்பொருளின் புறத்தே தோன்றி ஆய்வார்க்குப் புலனாவது இறைச்சி. இறைச்சியின் இலக்கணத்தில் உரையாசிரியர்கள் வேறுபடினும், கருப்பொருளைச் சார்ந்து பிறக்கும் குறிப்பு அது என்பதில் ஐயம் இல்லை.

பல்பொருட் கலையைக் காண்போர் பலரும் உள்ளுறையையே தேடுகின்றனர். இப்பண்டம் எதற்கு அடையாளம்? அப்பண்டம் எதைக் குறிக்கிறது? என ஒன்றுக்கு ஒன்று விடை வேண்டுகின்றனர். விடை கிடையாதவிடத்துப் படைப்பில் பொருளே இல்லை எனச் சினக்கின்றனர். பெனிதாவின் சாம்பிராணி வணிகத்துக்கு உவமம் என்றோ தாய்மைக்கு உவமம் என்றோ சொல்லி முடித்தல் இயலாது. அது முதலில் சாம்பிராணியே. தானாகவே நின்று, தன் வரலாற்றாலும் வழக்காற்றாலும் குறிப்புகளை எழுப்புவது. எனவே இக்கலையை உள்ளுறையாக அன்றி இறைச்சியாகக் கொள்ளுதலே தகும் என்பது என் கருத்து.

இதற்கு ஒரு தடை எழலாம். திணைக்கோட்பாடு அகப்பாட்டுக்கு வகுத்தது. அதனைக் கட்புலக் கலைக்கு ஏற்றுதல் வலிந்து கொள்வதாகாதோ? தடை நேரியதே. பாட்டில் வரும் குறிஞ்சிப்பூ சொல். அதற்கு மணம் இல்லை. கற்பவன் நினைவிலேயே அது மணக்கும். இக்கலையில் வரும் பண்டமோ பண்டமாகவே முன் நிற்கிறது. இவ்வேறுபாட்டை மறைத்தல் ஆகாது. ஆயினும் இருவழியும் கருத்துப் பிறக்கும் நெறி ஒன்றே: நிலத்துக்கு உரிய பொருள் ஒன்று, அந்நிலத்து மக்களின் பழக்கத்தால் செறிவு பெற்று, சொல்லாமற் சொல்கிறது. நெறி ஒத்தலின் கோட்பாடும் ஒக்கும். முற்றும் பொருந்தும் என்று கூறவில்லை. விளக்கத் துணை செய்யும் என்றே கூறுகிறேன்.

மற்றொரு தடையும் உண்டு. பண்டங்களைக் குவித்து வைத்தவர் எல்லாம் கலைஞர் ஆவரோ? ஆகார். இதனைத் தேறுதற்கும் நம் அணியிலக்கணம் ஒரு வழி காட்டும். ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே கருத்துள்ள மற்றொரு சொல்லை வைத்தால் அழகு கெடுமாயின் அது சொல்லணி; கெடாதாயின் பொருளணி. இச்சோதனையைப் பண்டத்துக்கும் செய்யலாம். பெனிதாவின் உருவங்களைப் பாரிசுச் சாந்தால் வார்த்திருந்தால் எஞ்சுவது யாது? உருவம் எஞ்சும், வணிகம், இல்லம், அழிவு என்னும் மூன்றும் நீங்கும், சமயமும் தன் கடல்வழியை இழக்கும். ஆகவே இங்குப் பண்டம் இன்றியமையாதது. பண்டத்தை மாற்றியும் கருத்து மாறாதாயின், அப்படைப்பில் பண்டம் ஒப்பனை மட்டுமே.

6. நிலம் இழந்தவழி

பெனிதாவின் பண்டத்துக்கு நிலம் உண்டு. அவர் நின்ற கடற்கரையும் சரக்கு வந்த துறையும் கண்முன் இருக்கின்றன. முதற்பொருளே பறிபோயின் கருப்பொருள் என்னாகும்? இவ்வினாவே யாழ்ப்பாணத்துக் கலைஞர் சனாதனனிடம் நம்மை இட்டுச் செல்கிறது.

1969இல் பிறந்த தாமோதரம்பிள்ளை சனாதனன், தில்லியிற் கலை பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிப்பவர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. நூலகம் மீட்டெழுப்பப்பட்ட பின், 2004இல், வரலாறுகளின் வரலாறு எனப் பொருள்படும் தலைப்பில் சனாதனன் ஒரு படைப்பை அந்நூலகத்தில் அமைத்தார். யாழ்ப்பாண மக்களின் இல்லங்களிலிருந்து திரட்டிய பண்டங்களே அதன் உறுப்புகள். நூல்கள் எரிந்த இடத்தில் வீட்டுப் பண்டங்கள் வந்து அமர்ந்தன. எழுதிய வரலாறு அழிந்தவிடத்து எழுதா வரலாறு சான்று கூற எழுந்தது.

2011இல் வெளிவந்த முற்றுப்பெறாத் தோம்பு என்னும் நூல்வடிவப் படைப்பு இதனினும் ஆழமானது. தோம்பு என்பது போர்த்துக்கீசியர் வழி வந்த சொல். டச்சுக்காரர் ஆட்சியிலும் இலங்கையில் நிலப்பதிவேட்டைக் குறித்தது. நிலம் யாருக்கு உரியது என்பதை அரசு எழுதி வைக்கும் ஏடு அது. போரால் வீடிழந்து பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் எண்பதின்மரிடம், தாம் விட்டு வந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையுமாறு சனாதனன் வேண்டினார். நடுங்கிய கை வரைந்த அப்படத்தை ஒட்டி, கட்டடக் கலை முறைப்படி அளவுக் கோடுகளால் வரைந்த படம் ஒன்று வருகிறது. அதனை அடுத்துக் கலைஞர் தாமே வண்ணக்கட்டியால் தீட்டிய ஓவியம் வருகிறது. இவை அலுவலகக் கோப்பு ஒன்றின் தோற்றத்தில் தொகுக்கப்பட்டுள்ளன.

இங்குப் பண்டம் யாது? தாளும் கோப்பும். இவை விலையற்றவை, எங்கும் கிடைப்பவை. ஆயினும் மாற்றுச் சோதனையை இங்கும் செய்து பார்க்க. இதே படங்களைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினால் அவை அழகிய ஓவியங்கள் ஆகும், வழக்கு ஆகா. கோப்பில் இட்டமையால் அவை உரிமை கோருகின்றன. நிலத்தை எழுதி ஆண்ட ஆட்சியாளரின் கருவியையே நிலம் இழந்தவர் கையில் எடுத்துத் தம் நினைவை எழுதினர். அரசின் தோம்பு நிலத்தைக் காட்டும், அதில் வாழ்ந்தவனைக் காட்டாது. இத்தோம்பு வாழ்ந்தவனைக் காட்டும், நிலத்தை மீட்டுத் தர இயலாது. அதனாலேயே அது முற்றுப்பெறவில்லை.

திணைமரபின்படி முதற்பொருளாகிய நிலம் தர, கருப்பொருள் பிறக்கும். இப்படைப்பில் முறை தலைகீழாகிறது. நிலம் நீங்கியது, எஞ்சிய சிறு நினைவுகள் ஒன்றுகூடி நிலத்தைப் பிறப்பிக்க முயல்கின்றன. இதற்கு உரிய உரிப்பொருள் பிரிவோ இரங்கலோ என்பதைக் கற்போர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாலைக்கு நிலம் தனியே இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை ஆகும் என்னும் கருத்து, நிலம் பெயர்ந்த மக்களின் கலையை விளக்க நமக்குக் கிட்டிய ஒரு பெருந்துணை எனக் கருதுகிறேன்.

7. அழிவும் மரபும்

இனிப் புதுச்சேரிப் பகுதிக்கு வருவோம். ரெட்டியார்பாளையம் நகரின் மேற்கே விழுப்புரம் செல்லும் பெருஞ்சாலையில் உள்ளது. அச்சாலையிலேயே மேலும் மேற்கே சென்றால் வில்லியனூர். நகரின் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. மண் என்னும் ஒரே பண்டம் இவ்விரண்டிடங்களிலும் இருவேறு முறையில் மரபாகி நிற்கிறது.

அரிக்கமேட்டில் 1945இல் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்தனர். உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும், இத்தாலிய அரிட்டைன் கலங்களின் ஓடுகளும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் ஆங்குக் கிடைத்தன. முழுக்கலம் மதுவைத் தாங்கியது. உடைந்த ஓடோ வரலாற்றைத் தாங்குகிறது. அயல்நாட்டு மண்ணும் இந்நாட்டு மண்ணும் ஒரே குழியிற் கலந்து கிடந்தமையே அவ்வூரின் அடையாளம். தூய்மையான ஒற்றை மரபை அங்குத் தேடுவார்க்கு அரிக்கமேடு விடை தாராது.

வில்லியனூரில் மண் இன்றும் உயிருள்ள தொழில். அவ்வூர்ச் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அக்கலையில் சிறந்த வி. கி. முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். புவிசார் குறியீடு என்பது யாது? ஒரு பொருளின் சிறப்பு அது தோன்றிய நிலத்தால் வருவது எனச் சட்டம் ஒப்புதல். கருப்பொருள் நிலத்துக்கு உரியது எனத் தொல்காப்பியர் வகுத்த நெறிக்குச் சட்டநூலில் ஓர் எதிரொலி என இதனைக் கொள்ளலாம். சுடுமண்ணும் உடையத்தக்கது. ஊர்ப்புறத்து ஐயனார்க்கு நேர்ந்த மண்குதிரை மழையிற் கரைகிறது. மீண்டும் புதிது செய்து நிறுத்துகின்றனர். குதிரை அழிகிறது, நேர்த்தி அழிவதில்லை.

இதனை எண்ணும்போது நம் துறையைப் பற்றியும் ஒன்று எண்ணத் தோன்றுகிறது. தமிழ்த்துறையினராகிய நாம் மரபு என்றவுடன் கல்வெட்டையும் செப்பேட்டையும் நினைக்கிறோம். அழியாமையே மரபின் இலக்கணம் என மயங்குகிறோம். நம் இலக்கியம் கல்லில் வந்ததோ? ஓலையில் வந்தது. ஓலையைச் செல் அரித்தது. நெருப்பும் நீரும் உண்டன. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அமர்ந்து படி எடுத்தமையால் பாட்டு பிழைத்தது. உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரை, அடியார்க்குநல்லார் உரை ஆகியவற்றுடன் பதிப்பித்தபோது, அவர் கையிற் கிடைத்தவை இளங்கோவடிகள் எழுதிய ஏடுகள் அல்ல. படியின் படியின் படிகள். பண்டம் அழிந்துகொண்டே இருந்தது. அழியும் என்ற அச்சமே படியெடுக்கச் செய்தது. நிலையாப் பொருளே நிலைபெற்ற மரபைத் தந்தது எனின் மிகையாகாது.

பெனிதாவின் சாம்பிராணி உடம்பு நெகிழ்ந்து மாறுவதையும், சனாதனனின் தோம்பு முற்றுப்பெறாது நிற்பதையும் இவ்வொளியிற் காண்க. அவை மரபைக் காத்து வைக்கும் பெட்டகங்கள் அல்ல. காத்தற்கு ஆள் வேண்டும் என நம்மை அழைப்பவை. யாழ்ப்பாணத்தில் எரிந்த சுவடிகளுள் படியெடுக்கப்படாதன என்றைக்கும் மீளா. பண்டம் தானே மரபைக் காக்கும் என்று வாளா இருத்தல் எத்துணைப் பெரும்பிழை என்பதை அச்சாம்பல் சொல்கிறது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு:

(1) பல பண்டங்களைக் கூட்டிக் கலை படைத்தலும், பண்டத்தின் இயல்பாலும் பிறப்பிடத்தாலும் கருத்தை உணர்த்தலும் தமிழ் மரபுக்குப் புறம்பானவை அல்ல. திவாகரத்தின் பத்தும், செங்குட்டுவன் வேண்டிய இமயக் கல்லும், மண்டகப்பட்டின் நான்கும் இதற்குச் சான்று.

(2) இக்காலப் பல்பொருட் கலையை உணர்தற்குக் கருப்பொருள், இறைச்சி ஆகிய கோட்பாடுகள் துணை செய்யும். ஒன்றுக்கு ஒன்று அடையாளம் தேடும் நோக்கு அக்கலையின் பயனைக் குறைக்கும்.

(3) பண்டத்தை மாற்றின் கருத்துக் கெடுமோ என்னும் சோதனை, உண்மைக் கலையையும் வெறும் குவியலையும் பிரித்தறிய உதவும்.

(4) மரபின் உயிர் பண்டத்தின் அழியாமையில் இல்லை. அழியும் பண்டத்தை அடுத்த கை ஏற்றுக்கொள்வதில் உள்ளது.

கலப்பூடகக் கலை என்னும் மொழிபெயர்ப்புச் சொல்லினும் பல்பொருட் கலை என்பது இக்கலைக்கு ஏற்ற பெயராகும் என எண்ணுகிறேன். பல பண்டங்களையும் பல கருத்துகளையும் அச்சொல் ஒருங்கே சுட்டுதல் காண்க. திணைக்கோட்பாட்டைக் கற்கும் பட்டமேற்படிப்பு மாணவர், பாட்டோடு நில்லாது இத்தகைய படைப்புகளின்மேலும் அதனைச் செலுத்தி ஆய்தல் வேண்டும். கோட்பாடு பொருந்தும் இடமும் பொருந்தா இடமும் அப்போது தெளிவாகும். பொருந்தா இடமே கோட்பாட்டை மேலும் கூர்மையாக்கும். ஓலையைப் படியெடுத்தவர் தம் காலத்துப் பணியைச் செய்து சென்றனர். நம் காலத்து அழியும் பண்டங்களைக் கண்டு, அவை சொல்வதை எழுதி வைத்தல் நம் பணி ஆகும்.